பழுத்தது எந்த மாங்காய்?

சித்திரை முடிந்து வைகாசி பிறக்கும் அந்தச் சில வாரங்களில் முதலமடையில் ஒன்றுமே நடப்பதில்லை என்று வெளியூரிலிருந்து வருகிறவர்கள் சொல்வதுண்டு. தெற்கே நெல்லியாம்பதி மலைத்தொடர் வெயிலில் சாம்பல் பூத்து நிற்கும். மழைக்காலத்தில் அருவி இறங்கும் இடங்களெல்லாம் வெறும் பாறைத் தடங்களாகக் காய்ந்திருக்கும். மீன்கரை அணையிலும் சுள்ளியாற்று அணையிலும் கரை விரிந்து நீர் சுருங்கியிருக்கும். பிற்பகலில் பனையோலையும் அசையாது. ஆனால் வீட்டோடு கிடப்பவர்களுக்கு இந்த நாட்களின் சங்கதி வேறு. விஷு கழிந்த சில தினங்களில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நண்பகலில் துளசி மாடத்தின் நிழல் அதன் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். அதன் பின்னர் ஆவணித் தொடக்கம் வரையில் நடுப்பகல் நிழல், ஆண்டின் மற்றப் பகுதியில் விழுவதுபோல வடக்கே விழாமல், தெற்கே விழும். வடக்குச் சுவரில் மாதக் கணக்காக ஈரம் காத்துவந்த பாசி கருகி உதிர்வதைக் கண்ட பிறகே, வெயில் வீட்டின் மறுபுறத்துக்குக் குடிபோய்விட்டது என்பது நமக்கு உறைக்கிறது. கணி வைப்பதற்குக் கொத்துக் கொத்தாகப் பறித்த கொன்றையில், பூ உதிர்ந்த காம்புகளிலிருந்து பச்சைக் காய் குச்சி குச்சியாக நீளத் தொடங்கியிருக்கும். கிணற்றுக் கயிற்றில் யாரோ எப்போதோ இன்னொரு துண்டை முடிந்திருப்பார்கள். கார்த்திகை முதல் மாசி வரையில் கிழக்கிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே அடித்து உதட்டைப் பிளக்க வைத்த காற்று எப்பொழுது நின்றது, மேற்கிலிருந்து ஈரம் கலந்த காற்று எப்பொழுது தொடங்கிற்று என்று கேட்டால், பஞ்சாங்கம் ஏதேனும் சொல்லுமே தவிர, வீட்டில் ஒருவரும் சொல்லமாட்டார்.

மாறியவற்றைக் காண்கிறோம், மாறுவதைக் கண்டவர் இல்லை. இது வெறும் கவனக் குறைவுதானா, அல்லது மாற்றம் என்பதன் சுபாவமே அப்படி மறைந்து நிற்பதுதானா என்ற கேள்வி, பாரத தேசத்துத் தத்துவ வாதிகளைப் பல நூற்றாண்டுகள் உறங்கவிடாமல் அடித்த கேள்விகளுள் ஒன்று. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களுள் ஒன்று, இந்த ஊருக்காகவே தேர்ந்தெடுத்ததோ என்று எண்ணும்படி, ஒரு மாங்காய்.

முதலமடையைப் பற்றி அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பாலக்காட்டு மாவட்டத்துச் சிற்றூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, மலையாளமும் தமிழும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசுகின்ற ஊர் இது. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்கு 1932இல் போட்ட இருப்புப்பாதையில், ஆலமரங்கள் கவிந்த ஒரு சிறு நிலையம் இதற்கு உண்டு; சினிமாக்காரர்கள் அதைத் தேடி வருவார்கள். ஆனால் ஊரின் கீர்த்திக்குக் காரணம் மாந்தோப்புகள். அல்போன்சா, பங்கனப்பள்ளி, செந்தூரம், காலாப்பாடி, கிளிமூக்கு, நீலம் என்று பல ஜாதி மாமரங்கள் இங்கே கார்த்திகை வாக்கில் பூத்து, தேசத்தின் மற்ற இடங்களில் பூவே நிற்கும் தை, மாசியிலேயே காய் இறங்கத் தொடங்கிவிடும். முதலில் வருவதற்கே சந்தையில் விலை. ஆகவே குத்தகைக்காரர்கள் காயாகவே பறித்து, கொட்டகையில் தரம் பிரித்து, பெட்டியிலிட்டு, லாரியில் ஏற்றித் தில்லிக்கும் பம்பாய்க்கும் அனுப்பிவிடுகிறார்கள். இத்தனை மாங்காய் விளைகிற ஊர், தன் காய் பழுப்பதைக் கண்ணால் காண்பதில்லை! பூவையும் பிஞ்சையும் காவல் காத்தவர்கள் இங்கே இருக்க, மஞ்சள் நிறமும் மணமும் ஆயிரம் கல்லுக்கு அப்பால் யாரோ ஒரு வியாபாரியின் அறையில் உண்டாகின்றன. கர்மம் ஓரிடத்தும் பலன் ஓரிடத்தும் என்பதற்கு இதைவிட வேறு திருஷ்டாந்தம் வேண்டியதில்லை என்று நான் சில சமயம் வேடிக்கையாக நினைப்பதுண்டு. பறிக்கிற கூலியாளிடம் அந்த வேடிக்கையைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

பழுப்பதைக் காணவேண்டுமானால் கோடையின் கடைசியில், லாரிகளின் நடமாட்டம் ஓய்ந்த பின்னர், வீட்டுக் கொல்லையில் நிற்கும் நாட்டு மரங்களிடம் வரவேண்டும். எங்கள் வீட்டில் இந்தக் காரியம் அத்தையின் ஆட்சியில் இருக்கிறது. அணில் கடித்த பழம் ஒன்று மரத்தடியில் விழுந்தால் மரம் தயாராகிவிட்டது என்று கணக்கு. வலை கட்டிய துரட்டியால் காம்போடு இறக்கி, பால் மேலே படாமல் கவிழ்த்து வைத்து, அண்டாத் தண்ணீரில் போட்டால், முற்றிய காய் அடியில் போகும், முற்றாதது மிதக்கும். மிதந்தது ஊறுகாய்க்கு, மூழ்கியது உள்ளறைக்கு. அங்கே வைக்கோலைப் பரப்பி, காய்களை ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்கி, மேலேயும் வைக்கோல் மூடிவிடுவார்கள். குழந்தைகள் மணிக்கொரு தரம் போய் மூடியைக் கிளறி, "அத்தை, ஆயிடுச்சா?" என்று கேட்கும், "அமுக்காதே, அழுகிப் போயிரும். மோந்து பாரு" என்று அடுக்களையிலிருந்து பதில் வரும். இந்த வீட்டு வைத்தியத்தில் தர்க்க சாஸ்திரம் இருக்கிறது என்று அத்தையிடம் சொன்னால் சிரிப்பார். ஆயினும் இருக்கத்தான் இருக்கிறது.

17ஆம் நூற்றாண்டில் ஆந்திர தேசத்து அன்னம்பட்டர் எழுதிய தர்க்க சங்கிரகத்துக்கு, கோவர்த்தனர் என்பவர் நியாயபோதினி என்று ஒரு வியாக்கியானம் செய்திருக்கிறார். நிறம், சுவை, மணம், ஊறு ஆகிய குணங்கள் பிருதிவியில் வெப்பத்தின் சேர்க்கையால் மாறுகின்றன என்ற இடத்தில், அவர் எடுத்துக்காட்டுவது வைக்கோற் போரில் வைத்த மாங்காயை. வைக்கோலின் சூட்டினால் பச்சை நிறம் அழிந்து மஞ்சள் பிறக்கிறது, ஆனால் நாக்கில் வைத்தால் இன்னும் புளிப்பாகவே இருக்கிறது. வேறு சில காய்களிலோ மேலே பச்சை மாறாமலே உள்ளே இனிப்பு வந்துவிடுகிறது. ஆகையால் நிறத்தை மாற்றுகிற வெப்பச் சேர்க்கை வேறு, சுவையை மாற்றுகிற வெப்பச் சேர்க்கை வேறு என்று அவர் தீர்மானிக்கிறார். மேலுக்கு எல்லாம் ஒரே சூடுதான்; ஆயினும் காரியம் வேறுபடுவதால் காரணமும் வேறுபட்டே இருக்கவேண்டும் என்பது அவர் யுக்தி. நிறத்தை நம்பாமல் மோந்து பார்க்கச் சொல்லுகிறவர்களும் இதைத்தான் வேறு பாஷையில் சொல்லுகிறார்கள். பண்டிதர் ஒருவர் ஏட்டை மூடிவிட்டு உள்ளறைக்குப் போய் மாங்காயைத் தொட்டு, நக்கிப் பார்த்துவிட்டு வந்து எழுதிய வரி அது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இதனினும் ஆழமான வழக்கு ஒன்று அதன் அடியில் கிடக்கிறது. பச்சையாய் இருந்த காயும் மஞ்சளாய் இருக்கும் பழமும் ஒரே பொருளா, அல்லவா? கணாதரின் வழிவந்த வைசேஷிகர்கள், அல்ல என்றார்கள். வெப்பம் தாக்கும்போது முழுப் பொருள் பரமாணுக்களாகக் குலைந்துபோகிறது. பரமாணுக்களில் பழைய நிறம் அழிந்து புது நிறம் தோன்றுகிறது. பின்னர் அதே பரமாணுக்கள் கூடிப் புதிய பொருளாகின்றன. இதற்குப் பீலுபாகம் என்று பெயர். இந்தக் குலைவும் கூட்டமும் நடந்தேற ஒன்பது க்ஷணம் ஆகும் என்று ஒரு சாராரும், பத்து என்றும் பதினொன்று என்றும் வேறு சாராரும் கணக்கிட்டு வாதாடினார்கள். நியாய சாஸ்திர வழியினரான நையாயிகர்கள் இதைக் கேட்டுக் கை தட்டிச் சிரித்திருக்க வேண்டும். சூளையில் அடுக்கிய பானைகளுள் அடிப்பானை ஒரு கணம் தூளாகிப் போனால் மேலே இருக்கும் பானைகள் சரிந்து விழாவா? உள்ளே வைத்தபோது இட்ட கீறல் வெளியே எடுக்கும்போதும் இருக்கிறதே, அதற்கு என்ன சமாதானம்? முழுப் பொருள் முழுப் பொருளாகவே நின்று, துவாரங்களின் வழியே புகுந்த வெப்பத்தால் நிறம் மாறுகிறது என்பதே அவர்கள் கொண்ட பிடரபாகம். வைசேஷிகர் விடவில்லை: அழிவும் பிறப்பும் அத்தனை விரைவில் நிகழ்வதால் உங்கள் கண்ணுக்கு இடைவெளி தெரியவில்லை, அவ்வளவுதான் என்றார்கள்.

இவையெல்லாம் வடமொழிக்கு மட்டும் உரிய சண்டைகள் என்று தமிழர் ஒதுங்கி நின்றதில்லை. திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர், 1785இல் பரிபூரணம் அடைந்தவர், சிவஞான போதத்துக்கு மாபாடியம் எழுதிய அதே கையால் தர்க்க சங்கிரகத்தையும் அதன் உரையையும் தமிழில் பெயர்த்துவைத்தார். அவருக்கும் நெடுங்காலம் முன்னே, மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயவாதிகள் ஒவ்வொருவரையும் அணுகி அவரவர் கோட்பாட்டைக் கேட்கிறாள். வைசேஷிகவாதியும் சாங்கியவாதியும் அந்த வரிசையில் உண்டு. அந்த வஞ்சி கரூரா, கொடுங்கல்லூரா என்ற விவகாரம் இன்னும் தீர்ந்தபாடில்லை. எதுவாயினும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகிறவன் பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தே போகவேண்டும். முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலமுள்ள இந்த வாசலின் வழியே மிளகும் பொன்னும் போனதுபோல, க்ஷணிக வாதமும் ஆன்ம வாதமும் கட்டுச்சோற்று மூட்டையோடு போயிருக்கும் என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு ஒரு பிராந்திய கர்வம் உண்டு.

மணிமேகலை இறுதியில் கொண்ட பௌத்தமோ, வைசேஷிகரையும் விஞ்சிப் போயிற்று. ஒன்பது க்ஷணத்துக்கு ஒரு தரம் அல்ல, ஒவ்வொரு க்ஷணமும் பொருள் அழிகிறது. அடுத்த க்ஷணத்தில் இருப்பது அதன் வாரிசே தவிர அது அன்று. காய் பழமாயிற்று என்பது உலக வழக்கில் சொல்லும் சௌகரியமான ஒரு பொய்; காய்க்குப் பின் காய், காய்க்குப் பின் சற்றே வேறான காய், இப்படி ஓடிய ஒரு பிரவாகத்தின் கடைசித் துளியைப் பழம் என்கிறோம். மறு ஓரத்தில் காலடியில் பிறந்த சங்கரரைப் பின்பற்றியவர்கள் நின்று, மாறுவதெல்லாம் தோற்றம், உள்ளது மாறுவதில்லை என்கிறார்கள். ஒருவர் மாற்றத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்கிறார், மற்றவர் மாற்றமே இல்லை என்கிறார். இரண்டு பேருமே மாங்காயை விட்டுவிட்டார்கள்.

என் சாய்வு நையாயிகர் பக்கம் என்பதை மறைப்பதற்கில்லை. அவர்கள் யுக்தி மற்றவர்களுடையதைவிடக் கூரியது என்பதால் அன்று. பௌத்தருடைய யுக்தி அதைவிடக் கூரியது என்றே தோன்றுகிறது. ஆனால் காத்திருத்தல் என்று ஒரு காரியம் மனித வாழ்க்கையில் உண்டு. வைக்கோலுக்குள் எதை வைத்தோமோ அதைத்தான் மறுநாள் தேடுகிறோம். மூலையில் தழும்பு உள்ள அந்தக் காய் எங்கே என்று தேடி எடுக்கிறோம். கடன் கொடுத்தவன் வாங்கினவனைத் தேடுகிறான், அவனுடைய வாரிசுத் தொடர்ச்சியை அன்று. பச்சாத்தாபப்படுகிறவன் நேற்றைய தன்னைக் குறித்து வெட்கப்படுகிறான். அது வேறொருவன் என்றால் வெட்கம் எதற்கு? பௌத்தர் இதற்கும் விடை வைத்திருக்கிறார், தொடர்ச்சி ஒன்றே போதும் என்று. போதும்தான், ஆனால் அந்தத் தொடர்ச்சி இன்னாருடைய தொடர்ச்சி என்று சொல்லாமல் அவராலும் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

விஞ்ஞானம் பின்னால் வந்து சொன்னது இந்தச் சண்டையில் யாருக்கும் முழு வெற்றியைத் தரவில்லை. மாங்காய் பறித்த பிறகும் மூச்சு விடுகிறது. முற்றிய காயில் அந்தச் சுவாசம் ஒரு கட்டத்தில் திடீரென்று உயர்ந்து, மாவுப்பொருள் சர்க்கரையாகிறது, பச்சை நிறமி சிதைந்து அதன் கீழிருந்த மஞ்சள் தெரிகிறது, புளிப்பு குறைகிறது. இதைத் தூண்டுவது எத்திலீன் என்ற கண்ணுக்குத் தெரியாத வாயு. பழங்கள் தாமே அதை உண்டாக்குகின்றன என்று 1934இல் ரிச்சர்டு கேன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் நிரூபித்தார். வைக்கோல் செய்வது அந்த வாயுவையும் இளஞ்சூட்டையும் சிதறாமல் நிறுத்திவைப்பதுதான். நிறமும் சுவையும் தனித்தனி மாற்றங்கள் என்று கோவர்த்தனர் கண்டது சரியாயிற்று. ஆனால் பழுப்பதற்கு முதற்காரணம் வெளியே இருக்கும் சூடு என்று அவர் கொண்டது போதவில்லை. காரணம் பெரும்பாலும் காய்க்குள்ளேயே இருந்தது. வெளியே இருந்தவை அதைத் தடுக்காமல் இருந்தன, கொஞ்சம் கூட்டிக்கொடுத்தன.

இங்கேதான் சைவ சித்தாந்தம் நினைவுக்கு வருகிறது. காரியம் காரணத்தில் முன்னமே உள்ளது என்னும் சற்காரிய வாதத்தைச் சாங்கியரோடு அதுவும் ஏற்றுக்கொண்டது; இல்லாதது தோன்றாது என்பது அதன் நியதி. உயிரை அநாதியே பற்றியுள்ள ஆணவ மலம், செம்பில் களிம்புபோல் உடனிருப்பது, ஒரு நாள் வலி குன்றும். அந்த நிலைக்கு மலபரிபாகம் என்று பெயர். அது கைகூடும்போது மந்ததரம் முதல் தீவிரதரம் வரை நான்கு படியாகச் சத்திநிபாதம் நிகழும், அருள் பதியும் என்பார்கள். மலம் அப்போதும் அழிந்துபோவதில்லை, அதன் சக்திதான் அடங்குகிறது என்று அவர்கள் சொல்வதைக் கவனிக்க வேண்டும். நன்றாகப் பழுத்த மாம்பழத்திலும் கொட்டையை ஒட்டிய சதையில் ஒரு புளிப்பு ஒளிந்துதான் இருக்கிறது. இதில் இன்னும் வியப்பானது, உயிரை மறைத்து உலகத்தில் உழல வைக்கும் திரோதான சக்தியையும் அவர்கள் அருளின் ஒரு வடிவமாகவே வைத்தார்கள் என்பது. மறைப்பதே பக்குவப்படுத்துகிறது, மூடிவைத்த வைக்கோல் தண்டனையன்று.

காலத்துக்கு முன் கிளறினால் என்ன ஆகும் என்பதைப் பிஞ்சிலே பழுத்தது என்று ஒரே வசவில் தமிழ்ப் பாட்டிமார் சொல்லிவிட்டார்கள். முற்றாத காயை எவ்வளவு நாள் மூடிவைத்தாலும் அது வெம்பிச் சுருங்குமே தவிரப் பழுக்காது. சந்தையில் இதற்கும் ஒரு குறுக்கு வழி கண்டார்கள். கால்சியம் கார்பைடு கல்லைப் பொட்டலமாக்கிப் பெட்டியில் வைத்தால், ஈரம் பட்டு அசெட்டிலீன் கிளம்பித் தோலை மஞ்சளாக்கிவிடும். உள்ளே புளிப்பும் நாரும் அப்படியே இருக்கும். ஆர்சனிக்கும் பாஸ்பரசும் கலந்துவரும் அந்தக் கல்லை 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்திருக்கின்றன. பதிலாக எத்திலீன் வாயுவைப் பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவுக்குள் உபயோகிக்க அனுமதி உண்டு. கல் வைத்த பழம் சமய வாழ்விலும் கிடைக்கிறது. காவியின் நிறம் ஒரே வாரத்தில் ஏறிவிடும். மோந்து பார்ப்பவர்களுக்குத்தான் கஷ்டம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பக்குவம் என்ற கோட்பாட்டினால் விளைந்த தீங்கைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. 1925 மார்ச் 10ஆம் தேதி வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய பாதைகளில் தாழ்த்தப்பட்டோர் நடக்கலாகாது என்று வாதித்த இண்டந்துருத்தி நம்பியாதிரியை, காந்தியடிகள் அவருடைய மனைக்கே போய்ச் சந்தித்தார். அவர்கள் தம் பூர்வ கர்மத்தின் பலனை அநுபவிக்கிறார்கள் என்பது நம்பியாதிரி தரப்பின் வாதம். அப்படியே இருக்கட்டும், அந்தத் தண்டனையை மேலும் கூட்டுவதற்கு நீங்கள் யார் என்பது காந்தியின் கேள்வி. உள்ளே அழைக்காமல் வெளியே தனியாக ஓர் இடத்தில் உட்காரவைத்துப் பேசிய அந்த மனை, பிற்காலத்தில் கள்ளிறக்கும் தொழிலாளர் சங்கத்தின் அலுவலகமாயிற்று என்பதைச் சரித்திரத்தின் நகைச்சுவை என்றே சொல்லவேண்டும். 1931இல் குருவாயூரில் சத்தியாக்கிரகம் தொடங்கியபோதும், காலம் கனியட்டும், மனங்கள் பக்குவப்படட்டும் என்ற குரல் மலபார் எங்கும் எழுந்தது. எங்கேயோ எப்பொழுதோ நடந்தவை என்று தள்ளிவிடவும் இயலாது. எங்கள் முதலமடைப் பஞ்சாயத்திலேயே, கோவிந்தாபுரத்து அம்பேத்கர் காலனியில் குடியிருக்கும் சக்கிலியர் சமூகத்தார், தேநீர்க் கடையிலும் குழாயடியிலும் தங்களைப் பிரித்து நடத்துகிறார்கள் என்று முறையிட்டது 2017இல்தான் பத்திரிகைகளில் வந்தது. அவர்கள் தமிழ் பேசுகிறவர்கள். பல தலைமுறையாக இந்த வயல்களிலும் தோப்புகளிலும் வேலை செய்பவர்கள்.

சித்தாந்த நூல்களைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது, பரிபாகம் என்பது தன்மையில் மட்டும் செல்லுபடியாகக்கூடிய ஒரு பேச்சு என்பதே. எனக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்று ஒருவன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொள்வதே பக்குவத்தின் தொடக்கமாகவும் இருக்கலாம். அதையே முன்னிலையில் திருப்பி, உனக்குப் பக்குவம் வரட்டும், அதுவரை வெளியே நில் என்று சொன்ன கணத்தில் அது தத்துவமாக இராமல் வேலியாகிவிடுகிறது. மலம் எவனிடத்து எந்த அளவில் நிற்கிறது என்று அளக்க ஆசாரியனால் இயலும் என்று ஆகமங்கள் சொல்லலாம். அந்த அளவுகோலைத் தேநீர்க் கடைக்காரன் கையில் கொடுத்தவர் யார்? குடிக்கத் தண்ணீர் தருவதற்கும் கோயில் கதவைத் திறப்பதற்கும் எதிராளியின் ஆன்மா பழுக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. அங்கே பழுக்காமல் இருப்பது வேறொருவருடைய ஆன்மா.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அதை நான் தீர்த்துவிட்டதாகப் பாவனை செய்யமாட்டேன். அதே வைக்கோல், அதே இளஞ்சூடு, அதே நாட்கள். பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு காய்களுள் ஒன்று பழுக்கிறது, ஒன்று அழுகுகிறது. ஒரு பழத்தின் வாயு அடுத்த காயைப் பழுக்க வைக்கிறது என்றால், ஓர் அழுகலும் அடுத்ததை அழுக வைக்கிறது. காரியம் வேறுபடுவதால் வெப்பச் சேர்க்கையும் வேறு ஜாதி என்று கோவர்த்தனர் எளிதாகச் சொல்லிவிடுவார்; ஆனால் அது காரணத்தைக் காட்டுவதாகுமா, காரணத்துக்கு ஒரு பெயர் வைப்பதாகுமா? சற்காரியவாதியைக் கேட்டால் பழம் காயில் முன்னமே இருந்தது என்பார். அப்படியானால் அழுகலும் காயில் முன்னமே இருந்ததா? இருந்தது என்றால் பக்குவத்துக்குத் தனி மகிமை என்ன? இல்லை என்றால் இல்லாதது எப்படித் தோன்றிற்று? காம்பருகே கண்ணுக்குத் தெரியாத ஒரு காயம், அதன் வழியே புகுந்த பூஞ்சை என்று தோட்டக்கலைக்காரர் சொல்லும் விடை சரியானதுதான். ஆயினும் அது கேள்வியைக் காயின் உள்ளிருந்து வெளியே நகர்த்துகிறதே தவிர முடித்துவிடவில்லை. காயம் படாத காய் இந்த உலகத்தில் எத்தனை? உள்ளறையில் நடப்பதைப் பார்த்தால், மூடிவைத்துவிட்டு மறந்துபோவது பொறுமை ஆவதில்லை என்று மட்டும் தெரிகிறது. தினம் ஒரு தடவையாவது வைக்கோலை விலக்கி, ஒவ்வொன்றாகத் திருப்பி, கறுப்புப் புள்ளி விழுந்ததை வேறாக எடுத்து வைக்கிறார்கள். அவசரப்படுத்துவதும் அன்று, சும்மா இருப்பதும் அன்று. சரியை கிரியை என்று சாஸ்திரம் சொல்லும் காரியங்களின் பொருள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் போலும்.

கத்திரி முடிந்து, இடவப்பாதி நெருங்கி, மலையின் மேலே மேகம் இறங்கி உட்காரும் நாட்களில் இந்த வேலையும் ஓய்ந்துவிடும். கேரளத்தில் பருவமழை தொடங்குவதற்கு வழக்கமாகக் குறிக்கும் தேதி ஜூன் 1. மழை விழுந்த பிறகு மரத்தில் எஞ்சும் பழங்களில் பழ ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும் என்பதால், அதற்கு முன்னரே சாற்றைப் பாயில் படலம் படலமாகத் தடவி வெயிலில் காயவைத்து எடுத்துவிடுவார்கள். மிச்சம் இருப்பது கொட்டைதான். எருக்குழியில் எறிந்த கொட்டைகள் முதல் மழையில் வெடித்து, செம்பு நிறத் தளிரோடு எழுந்து நிற்கும்.

அந்தத் தளிர்களில் நையாயிகருக்கும் பௌத்தருக்கும் ஒரு புதிய வழக்கு காத்திருக்கிறது. அல்போன்சாவும் பங்கனப்பள்ளியும் ஒரு கொட்டைக்கு ஒரு முளையே விடும்; அந்த முளை தாயைப்போல் காய்க்கும் என்பதற்கு உறுதி இல்லை; ஆகையால் தோப்பில் நிற்பவையெல்லாம் ஒட்டு மரங்கள், என்றோ எங்கோ நின்ற ஒரு மரத்தின் கிளைகள் என்றே அவற்றைச் சொல்லவேண்டும். ஆனால் மேற்குக் கரையின் பழைய ஜாதிகளான சந்திரக்காரன், குறுக்கன், மூவாண்டன் முதலியவை ஒரே கொட்டையிலிருந்து பல முளைகளை விடும். அவற்றுள் மகரந்தம் சேர்ந்து பிறந்தது ஒன்று இருக்கலாம். மற்றவை தாயின் திசுவிலிருந்தே நேராக எழுந்தவை, தாயினின்று வேறல்லாதவை. பார்வைக்கு எல்லாம் ஒரே செந்தளிர். எது புதிய பிறவி, எது பழைய மரமே இன்னொரு தரம் நிற்பது என்று கண் சொல்லாது. மூக்கை வைத்து மோந்தாலும் தெரியாது. பிரத்தியபிஞ்ஞை, அதாவது இது அதுவே என்று அடையாளம் காணும் அறிவு, பொருளின் ஒருமைக்குப் பிரமாணம் என்று வாதித்த நையாயிகர், எருக்குழியின் ஓரத்தில் குனிந்து அந்த முளைகளுள் எதைச் சுட்டிக் காட்டுவார் என்று அறிய எனக்கு மிக்க ஆவலாக இருக்கிறது.